ஐந்து மில்லிமீட்டர் அலை

மறையூரிலிருந்து காந்தலூருக்கு ஏறும் மலைப்பாதையை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆடி மாதத்துச் சாரலில் அப்பாதையின்மீது மூடுபனி இறங்கிவிட்டால், பத்தடிக்கு அப்பால் நிற்கும் மாடும் கண்ணுக்குப் புலப்படாது. பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழிறங்கும் ஜீப்பின் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை அழுத்துகிறார். எதிரிலிருந்து மறுமொழியாக ஓர் ஒலி வருகிறதா எனச் செவியைக் கூர்மையாக்கிக் கேட்கிறார். ஒன்றும் வராவிட்டால் வண்டியை மெல்லத் திருப்புகிறார். முன்விளக்கை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும் பயனில்லை. பனித்துளிகள் அவ்வொளியைச் சிதறடித்து அவர் கண்ணுக்கே திருப்பி அனுப்பிவிடும்.

இக்காலத்தில் விற்பனைக்கு வரும் கார்கள் பலவற்றில், முன்பக்கப் பம்பருக்குப் பின்னால் உள்ளங்கையளவுக் கருவி ஒன்று மறைந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத வானொலி அலைகளை முன்னோக்கி அனுப்புகிறது. அவ்வலையின் நீளம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். மூடுபனியின் துளியோ மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவினது. ஆகையால் அலை பனியைப் பொருட்படுத்தாமல் கடந்து செல்கிறது. எதிரே லாரி நின்றால் அதில் மோதித் திரும்பி வருகிறது. 150 மீட்டர் தொலைவிலுள்ள லாரியைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே தேவை. அந்நேரத்தை அளந்து தொலைவைக் கணக்கிடுகிறது கருவி. இடைவெளி விரைந்து குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கிறது. சில கார்களில் அதுவே தடையை அழுத்தி வண்டியை நிறுத்தியும் விடுகிறது. இக்கருவிக்கு ரேடார் என்று பெயர்.

இத்துணைச் சிறிய அலைகளை உலகில் முதன்முதலாக உண்டாக்கி, அவற்றை ஒளியைப்போல் திருப்பவும் வளைக்கவும் குவிக்கவும் முடியும் என்று காட்டியவர் ஓர் இந்தியர். அவர் பெயர் ஜகதீச சந்திர போஸ். செடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று கூறியவர் என்றே பெரும்பாலோர் அவரை நினைவில் வைத்திருக்கின்றனர். அதற்கு முன்பு அவர் செய்த வேலையைப் பற்றியதே இப்பாடம்.

போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தை பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் துணை நீதிபதி. அக்காலத்தில் அத்தகைய பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மகனை வங்கமொழிப் பள்ளிக்கு அனுப்பினார். பிள்ளை முதலில் தன் தாய்மொழியையும் தன் மக்களையும் அறிந்துகொள்ள வேண்டும், ஆங்கிலம் அதன்பின் வரட்டும் என்பது அவர் எண்ணம். அப்பள்ளியில் சிறுவன் ஜகதீசனின் வலப்பக்கம் தந்தையின் ஏவலர் ஒருவரின் மகன் அமர்ந்திருந்தான். இடப்பக்கம் ஒரு மீனவரின் மகன் அமர்ந்திருந்தான். பறவைகளைப் பற்றியும் நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையின்மீது தமக்கு ஆர்வத்தை ஊட்டின எனப் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழிகளுமாக வளரும் உங்களுக்கு, எந்த மொழியில் பிள்ளையைப் படிக்க வைப்பது என்று ஒரு தந்தை எண்ணிப் பார்த்த செய்தி புதிதாகத் தோன்றாது.

பின்னர்க் கல்கத்தாவில் ஹேர் பள்ளியிலும் தூய சேவியர் பள்ளியிலும், அதன்பின் தூய சேவியர் கல்லூரியிலும் அவர் பயின்றார். கல்லூரியில் லஃபோன் பாதிரியார் என்னும் ஆசிரியர் இயற்பியலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதோடு நில்லாமல், கருவிகளைக் கொண்டு செய்து காட்டினார். அப்பழக்கம் மாணவரையும் பற்றிக்கொண்டது. 1880இல் போஸ் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். ஆனால் காய்ச்சல் அவரை விடாது வருத்தியது. பிணங்களை அறுத்துப் பயிலும் அறையின் நெடி நோயை மேலும் வளர்த்தது. ஆகவே மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் அறிவியல் பயின்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர்களுள் ஒருவர் ரேலி பிரபு. ஒலி, ஒளி ஆகியவற்றின் அலைகளை ஆராய்ந்து பெரும்புகழ் பெற்றவர் அவர்.

1885இல் தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தாப் பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே ஒரு சிக்கல் காத்திருந்தது. ஒரே பணியைச் செய்யும் ஐரோப்பியருக்குக் கொடுத்த சம்பளத்தில் மூன்றில் இரு பங்கே இந்தியருக்கு உரியது என்பது அன்றைய வழக்கம். போஸின் பணி தற்காலிகமானது எனக் கூறி, அதிலும் பாதியையே தர முன்வந்தனர். அவர் வேலையை விட்டு விலகவில்லை; சண்டையிடவும் இல்லை. ஒவ்வொரு நாளும் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்தினார். மாத இறுதியில் சம்பளத்தைப் பெற மறுத்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. தந்தையோ பொதுநன்மைக்கெனத் தொடங்கிய தொழில்களில் பொருளிழந்து கடன்பட்டிருந்த காலம் அது. இறுதியில் அரசு இறங்கிவந்தது. பணியை நிலையானதாக்கி, மூன்று ஆண்டுகளுக்கும் உரிய முழுச் சம்பளத்தையும் ஒருங்கே அளித்தது. அப்பணத்தைக் கொண்டு போஸ் தந்தையின் கடனைத் தீர்த்தார்.

சம்பளமில்லாத அந்த ஆண்டுகளுக்கிடையே, 1887இல், அவர் அபலா என்னும் பெண்ணை மணந்தார். அவரைப் பற்றி ஒரு சொல். கல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதால், வங்க அரசின் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அபலா. உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பிற்காலத்தில் வங்கத்துப் பெண்களின் கல்விக்காக அவர் நெடுங்காலம் உழைத்தார்.

1894ஆம் ஆண்டளவில் போஸ் மின்காந்த அலைகளை ஆராயத் தொடங்கினார். மின்னும் காந்தமும் இணைந்து அலையாகப் பரவும் என மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணக்கின் வழியே முன்னரே கூறியிருந்தார். ஹெர்ட்ஸ் என்னும் செருமானியர் அத்தகைய அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கி, அக்கூற்று மெய்யே என 1888இல் காட்டினார். ஆனால் ஹெர்ட்ஸ் உண்டாக்கியவற்றுள் குறுகிய அலைகூட 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுடையது. அதனால் என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம்.

குளத்து நீரில் நட்ட மெல்லிய கழியை எண்ணிப் பாருங்கள். பெரிய அலை வந்தால் கழியைச் சுற்றிக்கொண்டு, அது அங்கே இல்லாததைப்போலக் கடந்துவிடும். விரலால் எழுப்பிய சிற்றலையோ கழியில் பட்டுத் திரும்பிப் பரவும். அலையின் நீளத்தைவிடப் பொருள் பெரிதாக இருந்தால்தான் அலை அதில் நன்றாக மோதித் திரும்பும். அலையைக் குவிக்கும் ஆடியும் வில்லையும் அவ்வாறே அலையைப்போலப் பல மடங்கு பெரியனவாக இருத்தல் வேண்டும். 60 சென்டிமீட்டர் அலைக்கு அறையளவு ஆடி வேண்டும். அலையைச் சுருக்கினால் கருவியையும் சுருக்கலாம். இன்று காரின் பம்பருக்குள் ரேடார் அடங்கியிருப்பதற்கு அலையின் இச்சிறுமையே காரணம்.

போஸ் அலையைச் சுருக்கினார். கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆய்வகம் 24 சதுர அடி கொண்ட சிற்றறை. உதவிக்கு இருந்தவர் அறிவியல் அறியாத தகரவேலைக்காரர் ஒருவர். இருவருமாகச் சேர்ந்து, 2.5 சென்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள அலைகளை எழுப்பும் கருவியைச் செய்தனர். அலையை ஒரு திசையில் செலுத்துவதற்கு வெற்றுக் குழாய். வரும் அலையை வாங்கிக்கொள்வதற்குப் புனல் போன்ற வாய். வளைப்பதற்குக் கந்தகத்தாலான பட்டகம். விலையுயர்ந்த பொருள் எதுவும் அவரிடம் இல்லை. அலை அதிரும் தளத்தைப் பிரித்தறிவதற்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு புத்தகம். பிராட்ஷா என்னும் இரயில் கால அட்டவணையின் தாள்களுக்கிடையே மெல்லிய வெள்ளீயத் தகடுகளைச் செருகி, அதையே கருவியாக்கினார்! அத்தளத்தைச் சுழற்றிக் காட்ட, முறுக்கிய சணலைப் பயன்படுத்தினார். சணல் விளையும் வங்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. குழாயும் புனல்வாயும் இன்றைய நுண்ணலைப் பொறியியலில் அன்றாடப் பொருள்கள். ஆனால் போஸின் காலத்தில் அவற்றால் ஆகும் பயனை அறிந்தவர் மிகச் சிலரே.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில் அவர் ஒரு சோதனையை நிகழ்த்தினார். அலையெழுப்பும் கருவி ஓரிடத்தில் இருந்தது. சுவர்களுக்கு அப்பால் மற்றோரிடத்தில் ஒரு மணியும் சிறிது வெடிமருந்தும் இருந்தன. இடையே கம்பி இல்லை. போஸ் கருவியை இயக்கினார். மணி ஒலித்தது, மருந்து வெடித்தது. அலையின் வழியில் ஒரு மனிதர் நின்றால் அவருடைய உடல் என்ன செய்யும், உலோகத் தகடு நின்றால் என்ன செய்யும் என்பனவெல்லாம் அவருடைய ஆய்வில் அடங்கின. 1896இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. 1897 சனவரியில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அறிஞர்கள் முன்னிலையில் தம் கருவிகளை அவர் இயக்கிக் காட்டினார். அவற்றின் அமைப்பை அவர் சிறிதும் மறைக்காததைக் கண்டு அந்நாட்டுத் தொழில்நுட்ப இதழொன்று வியப்புத் தெரிவித்தது. மறைத்திருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருக்கலாமே என்பது அவ்வியப்பின் பொருள்.

பொருள் ஈட்டும் வாய்ப்பு வீடு தேடியும் வந்தது. 1901இல் அவர் இலண்டனில் இருந்தபோது, கம்பியில்லாத் தந்தி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் காப்புரிமைப் படிவத்துடன் அவரைக் காண வந்தார். செலவு முழுவதும் தம்முடையது, வருவாயில் பங்கு போஸுக்கு என்றார். போஸ் மறுத்துவிட்டார். அந்நாட்டில் பணத்தின்மீது இருந்த பேராசையைக் கண்டு தாம் மனம் வருந்தியதை நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்குக் கடிதத்தில் எழுதினார். அறிவு எல்லார்க்கும் பொது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையால் அவருக்கு இழப்பும் நேர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த கம்பியில்லாக் குறிப்பை ஏற்றதாக அறிவித்தார். அன்று அவர் பயன்படுத்திய ஏற்பி பாதரசம் கொண்டது. இரும்பும் பாதரசமும் சேர்ந்த ஏற்பி ஒன்றைப் போஸ் 1899இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் விளக்கியிருந்தார். அதிலிருந்துதான் இது பிறந்ததா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. 1909இல் மார்க்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது. போஸுக்குக் கிடைக்கவில்லை. இதைக் கொண்டு மார்க்கோனியைத் திருடர் என்று சிலர் எழுதுகின்றனர், அது முறையன்று. இருவர் நோக்கமும் வெவ்வேறு. மார்க்கோனி செய்தியைத் தொலைவுக்கு அனுப்ப விரும்பினார். அதற்கு நீண்ட அலை வேண்டும். போஸ் அலையின் இயல்பை அறிய விரும்பினார். அதற்குக் குறுகிய அலை ஏற்றது. உலகம் அன்று தொலைவையே விரும்பியது. குறுகிய அலை நெடுங்காலம் மூலையில் கிடந்தது.

நண்பர்களான சாரா புல் அம்மையாரும் சகோதரி நிவேதிதையும் விடாது வற்புறுத்தியதால், போஸ் ஒரே ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை கோர இசைந்தார். கலீனா என்னும் ஈயத் தாதுவின் படிகத்தைக் கொண்டு அலைகளை உணரும் கருவி அது. 1904 மார்ச் 29ஆம் நாள் உரிமை வழங்கப்பட்டது. குறைக்கடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதற் காப்புரிமை என அதைக் குறிப்பிடுவர். இன்று ரேடாரிலும் கைப்பேசியிலும் உள்ள சில்லுகள் யாவும் குறைக்கடத்திகளே. போஸ் அவ்வுரிமையால் ஒரு காசும் பெற முயலவில்லை.

அதே 1904ஆம் ஆண்டு, செருமானியப் பொறியாளர் கிறிஸ்டியான் ஹுல்ஸ்மேயர், டெலிமொபிலோஸ்கோப் என்னும் கருவிக்குக் காப்புரிமை கோரினார். மே மாதம் கொலோன் நகரில் ரைன் ஆற்றுப் பாலத்தருகே அதை இயக்கிக் காட்டினார். கப்பல் நெருங்கியபோது அதில் பட்டுத் திரும்பிய அலை, கருவியின் மணியை ஒலிக்கச் செய்தது. மூடுபனியில் கப்பல்கள் மோதாமல் காப்பதே அதன் நோக்கம். ஆயினும் கப்பல் நிறுவனங்கள் அதை வாங்கவில்லை. கல்கத்தாவில் மணியை ஒலிக்கச் செய்தது நேரே சென்ற அலை. கொலோனில் ஒலிக்கச் செய்தது மோதித் திரும்பிய அலை. இவ்விரண்டு மணிகளின் பொருளையும் சேர்த்துப் பார்க்க அன்று யாருமில்லை.

போஸும் இதற்குள் வேறு துறைக்குச் சென்றுவிட்டார். அலையை உணரும் கருவிகள் நெடுநேரம் உழைத்தால் களைத்துப் போவதையும், ஓய்வுக்குப்பின் தேறுவதையும் அவர் கவனித்தார். உயிரற்ற உலோகமே இவ்வாறு நடந்தால் செடி எவ்வாறு நடக்கும் என்ற கேள்வி எழுந்தது. தொட்டாற்சிணுங்கியை வைத்து ஆராய்ந்தார். செடியின் வளர்ச்சியைப் பன்மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். அவர் முடிவுகளுள் சிலவற்றை அறிவியல் உலகம் ஏற்றது, சிலவற்றை மறுத்தது. 1917இல் தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1920இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். வங்கமொழியில் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். ஒரு குப்பி தலைமுடி எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலை அடக்கிய வேடிக்கைக் கதையொன்றையும் 1896இல் எழுதினார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதி என்னும் ஊரில், 79ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில் காலமானார்.

அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1935 பிப்ரவரி 26ஆம் நாள், இங்கிலாந்தில் டாவென்ட்ரி என்னும் ஊரருகே ராபர்ட் வாட்சன்-வாட் ஒரு சோதனை நடத்தினார். புதிய அலைபரப்பி எதையும் அவர் கட்டவில்லை. பி.பி.சி. வானொலி ஒலிபரப்பிய அலையே வானத்தில் பறந்த விமானத்தில் பட்டுத் திரும்புவதை ஏற்பியில் கண்டார். செய்தி சொல்லப் பிறந்த அலை, தடை இருக்கும் இடத்தையும் சொல்லிற்று. போர்க்கால ரேடார் அவ்விடத்திலிருந்து வளர்ந்தது.

இன்றைய ஆய்வாளர் அதே வழியில் மேலும் ஓரடி வைக்கின்றனர். வண்டிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்கு 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையைப் பயன்படுத்தலாம். அதன் நீளம் 5 மில்லிமீட்டர். போஸ் தம் சிற்றறையில் எழுப்பிய அதே அலை. ஒவ்வொரு வைஃபை செய்தியின் தொடக்கத்திலும் மாறாத ஒரு முகவுரை உண்டு. மலையுச்சியில் நின்று நீங்கள் கூவினால், திரும்பி வரும் எதிரொலி உங்கள் குரலே என்று தெரிந்துகொள்கிறீர்கள் அல்லவா? அனுப்பிய வண்டியும் தன் முகவுரை திரும்பி வருவதை அவ்வாறே அறிந்துகொண்டு, எதிரே உள்ள பொருளின் தொலைவையும் வேகத்தையும் கணக்கிடலாம் என, அமெரிக்காவின் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2015 முதல் ஆய்ந்தனர். ஒரே கருவி பேசவும் செய்யும், பார்க்கவும் செய்யும். காற்றிலுள்ள உயிர்வளி இவ்வலையை உறிஞ்சிவிடுவதால் அது நெடுந்தொலைவு செல்லாது. முன்னே போகும் வண்டியைக் காண அத்தொலைவு போதும். 2012இல் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ., போஸின் 1894–96 சோதனைகளைத் தன் மைல்கற்கள் வரிசையில் சேர்த்தது.

ஒன்றை மட்டும் இவ்வலையால் செய்ய இயலாது. ஒளியைப்போல் நேரே செல்வதால், பாறையைச் சுற்றி வளைந்து அப்பால் வரும் வண்டியை அது காணாது. கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் இன்னும் ஒலிப்பானை அழுத்தியே ஆகவேண்டும்.

சொற்பொருள்
நெடி – கடுமையான மணம்
ஏவலர் – பணியாளர்
பட்டகம் – ஒளியை வளைக்கும் முக்கோண வடிவப் பொருள்
ஏற்பி – அலையை வாங்கும் கருவி
உயிர்வளி – ஆக்சிஜன்

பயிற்சி
1. சம்பளம் பெற மறுத்த மூன்று ஆண்டுகளிலும் போஸ் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. அவர் அவ்வாறு செய்தது ஏன் என உங்கள் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
2. மூடுபனியில் முன்விளக்கின் ஒளி பயன்படாதபோது 4 மில்லிமீட்டர் அலை பயன்படுவது எவ்வாறு?
3. எதிரே உள்ள வண்டி 75 மீட்டர் தொலைவில் இருந்தால், அலை சென்று திரும்ப எவ்வளவு நேரமாகும்? பாடத்திலுள்ள அளவைக் கொண்டு கணக்கிடுக.
4. உங்கள் ஊர்ப் பாதையில் வண்டி ஓட்டும் ஒருவரைக் கண்டு, பனிக்காலத்தில் அவர் எவ்வாறு ஓட்டுகிறார் எனக் கேட்டுத் தமிழில் எழுதி வருக.